இரட்டைக் கம்பியும் ஒரு தராசும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்கள் எலக்ட்ரானிக்ஸ்காரர். வெளி ஹார்டு டிஸ்கைச் செருகினால் என் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுகிறது. மவுஸ் கெட்டுவிட்டதா?" என்றார்.

மவுஸ் மேல் குற்றமில்லை. அதே வகைக் கோளாறை நானே உண்டாக்கி இரண்டு மாதம் தூக்கம் கெட்டவன் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

அதிவேகக் கேபிளுக்குள் தகவல் ஜோடிக் கம்பிகளில் போகிறது. ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டிலும் ஒரே அளவு தூசி விழுந்தால் முள் அசையாது. அதுபோல, வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறினால் தகவல் கெடாது. இரண்டிலும் ஒன்றாக ஏறி இறங்கும் இந்தப் பங்குக்குத்தான் 'காமன் மோட்' இரைச்சல் என்று பெயர். தந்திரம் பழையதுதான். டெலிபோன் கம்பிகளை ஜோடியாக முறுக்கும் முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

வெளி இரைச்சலைத் தராசு தள்ளிவிடும். இரைச்சலை நாமே கிளப்பினால்? அங்கேதான் நான் சறுக்கினேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வினாடிக்கு 500 கோடி பிட் அனுப்பும் சர்க்யூட் போர்டு ஒன்றை வடிவமைத்தேன். இரவு முழுக்க ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிட் கூடத் தவறவில்லை. மேலதிகாரியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். மறுவாரம் கதிர்வீச்சுச் சோதனையில் போர்டு தோற்றது. கேபிளே ஆன்டெனாவாக மாறி 2.5 கிகாஹெர்ட்ஸ் அருகே இரைந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி தவறியது.

அவசரத்தில் 'காமன் மோட் சோக்' வைத்தேன். ஃபெரைட்டில் இரண்டு கம்பியையும் சேர்த்துச் சுற்றிய சிறு உறுப்பு அது. எதிரெதிராக ஓடும் தகவல் மின்னோட்டத்தை விட்டுவிடும். ஒரே திசையில் ஓடும் இரைச்சலைத் தடுக்கும். இரைச்சல் குறைந்தது. ஆனால் தகவல் அலையும் கொஞ்சம் மழுங்கியது.

உடன் வேலை பார்த்த மூத்தவர் ஒருவர், "மருந்து அப்புறம் தம்பி, நோய் எங்கே என்று பார்" என்றார். போர்டின் வரைபடத்தை அளந்தோம். கனெக்டர் அருகே ஒரு வளைவில் வெளித்தடம் உள்தடத்தைவிட 3 மில்லிமீட்டர் நீளம்!

இவ்வளவுதானா என்று தோன்றும். சிக்னல் 1 மில்லிமீட்டர் கடக்க சுமார் 6 பிகோ வினாடி ஆகும். வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு பிகோ வினாடி. 3 மில்லிமீட்டருக்கு 18 ஆகிறது. ஒரு பிட்டின் ஆயுளோ 200தான். ஒரு கம்பி இறங்கிவிட்டது, மற்றது இன்னும் ஏறவில்லை. அந்தக் கணம் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. தராசையே தூக்கித் தூக்கி ஆட்டுவது போல. முள் அசையாததால் பெறும் முனைக்கு ஒன்றும் தெரியாது. என் இரவுச் சோதனை தந்தது பொய் நிம்மதி.

குட்டைத் தடத்தை அந்த வளைவை ஒட்டியே சிறிது நெளித்து நீளத்தைச் சமன் செய்தோம். தள்ளிப் போய்ச் சரிசெய்தால் அதுவரை சமமின்மை கூடவே பயணம் செய்யும். தடங்களுக்கு அடியில் கிரவுண்ட் தளத்திலிருந்த வெட்டை மூடினோம். போர்டு என்பது கண்ணாடி இழைத் துணியில் பிசின் தோய்த்துச் செய்வது. ஒரு தடம் இழை மேலும் மற்றது பிசின் மேலும் போனால் வேகமே வேறுபடும். அதனால் தடங்களை நெசவுக்குச் சற்றுச் சாய்வாக ஓட்டினோம். புதிய போர்டு சோக் இல்லாமலே தேறியது.

அன்பர் வீட்டிலும் இதே கதைதான். யுஎஸ்பி 3.0 இணைப்பின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மவுஸ்களைத் தொந்தரவு செய்வதை இன்டெல் நிறுவனமே 2012-ல் விளக்கியிருக்கிறது. மவுஸின் ரிசீவரை நீட்டிப்புக் கேபிளில் மாட்டி டிஸ்கிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னேன். இப்போது சரியாக ஓடுகிறதாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சோக் வாங்கக் கிளம்புமுன் இரண்டு தடங்களையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.