முதலில் கட்டத்தை எண்ணுங்கள்

இதய நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஈசிஜி தாளைக் கண்டதும் மிரள்வார்கள். "நோயோட பேரைத் தேடாதீங்கம்மா, முதல்ல கட்டத்தை எண்ணுங்க" என்பேன்.

தாள் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. துடிப்பு சீராக இருந்தால், அடுத்தடுத்த இரண்டு உயர முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டங்கள் என்று பார்த்து, 300-ஐ அதனால் வகுக்க வேண்டும். நான்கு கட்டமென்றால் நிமிடத்துக்கு 75 துடிப்பு.

அடுத்து பி அலை. இதயத்தின் மேலறைகளில் பரவும் மின்சாரம் அது. கூரான கியூஆர்எஸ், கீழறைகளுடையது. கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டுவது டி அலை. பி அலையே தெரியாமல், முனைகளின் இடைவெளியும் தாறுமாறாக இருந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அதில் மேலறையில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மானிட்டரில் கோடு நேராகிவிட்டால் முதலில் நோயாளியைப் பார்க்கச் சொல்வேன். அவர் பேசிக்கொண்டிருந்தால், கழன்றது ஒயர்தான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஈசிஜி தாளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். நகலெடுத்து வையுங்கள். புதியதோடு ஒப்பிட, பழைய ஈசிஜி மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.