மெஹரோலியின் மலர் உலா: இசைக்கும் வேண்டும் ஓர் இடம்

தென் தில்லியில் குதுப்மினாரை ஒட்டி அமைந்துள்ள பழைய ஊர் மெஹரோலி. "பூல்வாலோன் கி சைர்" எனப்படும் பூக்காரர்களின் உலா இவ்வூருக்கு உரிய விழா. பல நாள்கள் நடைபெறும் இவ்விழாவில், தலைநகரின் வெவ்வேறு இசை மரபுகள் ஒரே தெருவில் சந்திக்கின்றன.

ஒரு நாள், சூஃபி ஞானி குவாஜா குத்புதீன் பக்தியார் காக்கியின் தர்காவில் மலர்ப்போர்வை சாத்தப்படுகிறது. மற்றொரு நாள், அருகிலுள்ள யோகமாயா கோயிலில் மலர்க்குடையும் மலர் விசிறியும் சமர்ப்பிக்கப்படுகின்றன. இரண்டு இடங்களுக்கும் இரு சமயத்தவரும் சேர்ந்தே செல்கின்றனர். ஊர்வலத்தின் முன்னே ஷெனாயும் டோலும் முழங்குகின்றன. பல மாநிலங்கள் தத்தம் மலர் விசிறியுடன் கலைக்குழுக்களையும் அனுப்பி வைப்பது வழக்கம். நிறைவு நாளன்று ஹௌஸ்-இ-ஷம்ஸி குளக்கரையில் உள்ள லோதி காலத்து ஜஹாஸ் மஹலில் அக்குழுக்களின் நாட்டுப்புற இசையும் நடனமும் அரங்கேறுகின்றன. தொடர்ந்து, இரவு நெடுநேரம் கவ்வாலி நடைபெறுகிறது.

கவ்வாலிக்கு இவ்வூர் அன்னிய மண் அல்ல. 1235-இல் மறைந்த பக்தியார் காக்கி, இசைக் கூட்டமொன்றில் பாடல் கேட்டு மெய்மறந்த நிலையிலேயே உயிர் நீத்தார் என்பது சிஷ்தி மரபினரின் நம்பிக்கை.

தாயின் நேர்த்திக்கடன்: முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் ஷாவின் மகன் மிர்சா ஜஹாங்கீர், ஆங்கிலேய ரெசிடென்ட் ஆர்ச்சிபால்ட் சேட்டனை நோக்கிச் சுட்டதற்காக அலகாபாதுக்கு நாடு கடத்தப்பட்டார். மகன் திரும்பினால் தர்காவில் மலர்ப்போர்வை சாத்துவதாக அவரது தாய் வேண்டிக்கொண்டார். அந்த நேர்த்திக்கடனிலிருந்தே 1812-இல் இவ்விழா பிறந்தது என்பர். தர்காவுக்குச் செலுத்தும் மலர்க் காணிக்கையை யோகமாயா கோயிலுக்கும் செலுத்துமாறு மன்னர் ஆணையிட்டதே இதன் சிறப்பு.

முகலாய அரசு வீழ்ந்த பின்னரும் விழா தொடர்ந்தது. ஆனால் 1942-இல் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் மூண்டபோது ஆங்கிலேய அரசு அதனை நிறுத்தியது. 1960-களின் தொடக்கத்தில் பிரதமர் நேருவின் ஊக்கத்தால் அது மீண்டும் உயிர் பெற்றது.

காந்திஜியின் நிபந்தனை: இடைப்பட்ட காலத்தில் மெஹரோலி பெரும் சோதனையைச் சந்தித்தது. பிரிவினைக் கலவரத்தில் தர்கா சேதமடைந்தது. முஸ்லிம்கள் அங்கு செல்ல அஞ்சினர். 1948 ஜனவரி 13-இல் காந்திஜி தில்லியில் உண்ணாவிரதம் தொடங்கினார். தர்காவின் உர்ஸ் விழா வழக்கம்போல் நடைபெற வேண்டும், முஸ்லிம்கள் அச்சமின்றிப் பங்கேற்க வேண்டும் என்பது அவர் ஏற்கச் செய்த உறுதிமொழிகளுள் ஒன்று. ஜனவரி 27-இல் உர்ஸ் விழாவுக்கு அவரே நேரில் சென்றார். மூன்றாம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டின் அமைதியை அளந்தறிய, ஓர் ஊரின் விழா தடையின்றி நடக்கிறதா என்பதையே அவர் அளவுகோலாகக் கொண்டார்.

கோப்பில் நின்ற இசை: இத்தகைய விழா 2025 நவம்பரில் குறித்த நாளில் நடைபெறவில்லை. தகராறு எதுவும் அதற்குக் காரணமல்ல. விழாத் திடலான ஆம் பாகைப் பயன்படுத்த தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அனுமதி உரிய காலத்தில் கிடைக்கவில்லை. வனத்துறையின் ஒப்புதலும் தேவை எனக் கூறப்பட்டது.

மரங்களைக் காப்பது அரசின் கடமையே. ஆயினும் விழா புதிதல்ல, ஆண்டுதோறும் வருவது. எந்தத் திடல், எத்தனை நாள், என்னென்ன கட்டுப்பாடுகள் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்வதில் தடை என்ன?

தில்லியில் நிலமும் காவல்துறையும் மத்திய அரசின் பொறுப்பில் உள்ளவை. சட்டப்பேரவையின் அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டவை. எனவே மெஹரோலியில் ஷெனாய் ஒலிக்குமா என்ற கேள்விக்கு விடை கூற வேண்டிய இடம் நாடாளுமன்றமே. சமய நல்லிணக்கம் பற்றி அவையில் உரையாற்றாத கட்சி இல்லை. அவ்வுரைகளோடு, ஆம் பாக் திடலுக்கு நிரந்தர விதிமுறை ஒன்றை வகுக்கக் கோரும் ஒரு கேள்வியையும் எவரேனும் எழுப்பினால், ஓர் ஊரின் இசை ஆண்டுதோறும் கோப்புகளின் தயவை நாடி நிற்க வேண்டியிராது.