சேவ் செய்ததை மாற்றாமல் குறிப்பு எழுத கிட் நோட்ஸ்

கம்ப்யூட்டரில் ஒரு பைலைத் திருத்தி சேவ் செய்தவுடன் அதன் பழைய வடிவம் போய்விடுகிறது. இதற்காகவே பலரும் விலைப்பட்டியல்1, விலைப்பட்டியல்2, விலைப்பட்டியல் புதியது, விலைப்பட்டியல் கடைசி எனப் பல பெயர்களில் காப்பி எடுத்து வைக்கின்றனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எது கடைசி, எதை எதற்காக மாற்றினோம் என்பது எழுதியவருக்கே தெரிவதில்லை.

சாப்ட்வேர் எழுதுபவர்கள் இந்தத் தொல்லைக்கு வெர்ஷன் கண்ட்ரோல் சிஸ்டம் என்னும் வகை புரோகிராம்களைப் பயன்படுத்துகின்றனர். இவற்றில் இன்று மிக அதிகமாகப் பயன்படுவது கிட். இதனை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இதில் உள்ள நோட்ஸ் என்ற வசதியைப் பற்றி இங்கு பார்ப்போம்.

கிட் என்ன செய்கிறது?

லினக்ஸ் சிஸ்டத்தின் கெர்னலை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், 2005 ஏப்ரலில் கிட் புரோகிராமை எழுதினார். அதுவரை லினக்ஸ் குழுவினர் பயன்படுத்திய பிட்கீப்பர் என்னும் புரோகிராமை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி நின்று போனதே இதற்குக் காரணம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ இதனைப் பராமரித்து வருகிறார். தமிழில் புரோகிராம் எழுத உதவும் எழில் மொழியின் வரிகளும் கிட் முறையில்தான் கிட்ஹப் தளத்தில் வைக்கப்பட்டுள்ளன.

ஒரு போல்டரை கிட் கண்காணிப்பில் வைத்துவிட்டால், நாம் சொல்லும் நேரத்தில் அதிலுள்ள பைல்களின் நிலையை அப்படியே பதிவு செய்து கொள்ளும். இந்தப் பதிவுக்கு கமிட் என்று பெயர். யார், எப்போது, எதற்காக என்பதும் அதனுடன் சேர்ந்து பதிவாகும். எந்தப் பழைய பதிவையும் பின்னர் திரும்ப எடுக்கலாம்.

பதிவை ஏன் மாற்றக்கூடாது?

ஒவ்வொரு கமிட்டுக்கும் பொதுவாக 40 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாள எண் உண்டு. பைல்களில் உள்ள விஷயம், எழுதியவர் பெயர், நேரம், நாம் தந்த விளக்கம், இதற்கு முந்தைய கமிட்டின் எண் ஆகிய அனைத்தையும் கணக்கிட்டே இந்த எண் உருவாகிறது. எனவே பழைய விளக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும். அதன் பின் வந்த அத்தனை கமிட்களின் எண்களும் மாறிவிடும். அதே போல்டரின் காப்பி வேறொருவரிடம் இருந்தால், இரண்டும் ஒத்துப் போகாது.

வீடு, நிலம் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். பதிவான பத்திரத்தில் சர்வே எண் தப்பாக இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்தை அடித்து எழுத மாட்டார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். பழையதும் இருக்கும், அதில் என்ன பிழை என்பதும் இருக்கும். கிட் நோட்ஸ் செய்வதும் இதைத்தான். பழைய கமிட்டைத் தொடாமல், அதனருகே ஒரு குறிப்பைச் சேர்த்து வைக்கிறது. அடையாள எண் மாறுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

பீளமேட்டில் பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு லேத் பட்டறை என வைத்துக் கொள்வோம். பட்டறைக்காரர் தன் விலைப்பட்டியலை நோட்பேடில் எழுதி, மாதாமாதம் கமிட் செய்கிறார். ஆடிட்டரிடமும் ஒரு காப்பி இருக்கிறது. ஜூன் மாத விலையில் லாரி வாடகை சேர்க்கவில்லை என்பது ஆகஸ்டில்தான் தெரிகிறது. ஜூன் பட்டியலையே திருத்திவிட்டால், பார்ட்டிக்கு அன்று சொன்ன விலை என்ன என்பதற்கு ஆதாரம் இருக்காது. திருத்தாமல் விட்டால், அடுத்த முறை அதைப் பார்த்து விலை போடுபவர் அதே தவறைச் செய்வார். இந்த இடத்தில்தான் நோட்ஸ் உதவும்.

எப்படிச் செய்வது?

கிட் இணையதளத்தில் விண்டோஸுக்கான பதிப்பை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். பின் உங்கள் போல்டரில் ரைட் கிளிக் செய்து, கிட் பேஷ் விண்டோவைத் திறக்கவும். விண்டோஸ் 11ல் கூடுதல் ஆப்ஷன்களைக் காட்டும் வரியைக் கிளிக் செய்த பின் இது கிடைக்கலாம். கட்டளைகளை ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில் டைப் செய்திட வேண்டும். இங்கு அவற்றின் உச்சரிப்பு தரப்பட்டுள்ளது.

1. முதல் முறை மட்டும் கிட் கான்பிக் கட்டளை மூலம் உங்கள் பெயரையும் இமெயில் முகவரியையும் தரவும். இவை இல்லையெனில் கிட் பொதுவாகப் பதிவு செய்ய மறுக்கும்.

2. கிட் இனிட் என டைப் செய்து என்டர் தட்டவும். போல்டர் கண்காணிப்புக்குள் வரும்.

3. கிட் ஆட் என டைப் செய்து, இடைவெளி விட்டு ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டவும். அடுத்து கிட் கமிட் -எம் "ஜூன் விலை" எனத் தரவும். இப்போது பதிவாகிவிட்டது.

4. கிட் லாக் எனத் தந்தால் எல்லாப் பதிவுகளும் எண்களுடன் வரிசையாகத் தெரியும். எண்ணின் முதல் 7 எழுத்துகள் பொதுவாகப் போதும். 4071936 என்பது ஜூன் பதிவு எனக் கொள்வோம்.

5. கிட் நோட்ஸ் ஆட் -எம் "லாரி வாடகை சேர்க்கவில்லை" 4071936 எனத் தரவும்.

மீண்டும் கிட் லாக் தந்து பாருங்கள். ஜூன் பதிவின் கீழே நோட்ஸ் என்ற தலைப்பில் உங்கள் குறிப்பு இருக்கும். அதே பதிவுக்கு இன்னொரு குறிப்பு எழுத ஆட் என்பதற்குப் பதிலாக அப்பெண்ட் பயன்படுத்தவும். திருத்த எடிட், நீக்க ரிமூவ். நோட்ஸுக்கும் தனியாக ஒரு வரலாறு பதிவாவதால், குறிப்பை யார் எப்போது மாற்றினார் என்பதையும் பார்க்கலாம்.

கிட் புரோகிராமை உருவாக்குபவர்களே இந்த வசதியைப் பயன்படுத்துகின்றனர். ஒரு திருத்தம் எந்த மின்னஞ்சலில் வந்தது என்பதை ஹமானோ நோட்ஸ் ஆகச் சேர்த்து வைக்கிறார்.

கவனிக்க வேண்டியவை

நோட்ஸ் தானாகப் பயணம் செய்யாது. கிட் புஷ் கட்டளை மூலம் உங்கள் பதிவுகளை வேறு இடத்திற்கு அனுப்பினால் கமிட்கள் மட்டுமே போகும். கிட் குளோன் மூலம் காப்பி எடுப்பவருக்கும் குறிப்புகள் வராது. பட்டறைக்காரர் குறிப்பு எழுதிவிட்டோம் என நினைத்துக் கொண்டிருப்பார். ஆடிட்டர் பார்க்கும் பட்டியலில் அது இருக்காது. கிட் புஷ் ஆரிஜின் என டைப் செய்து, ரெப்ஸ்/நோட்ஸ்/கமிட்ஸ் என்று சேர்த்துத் தந்தால்தான் குறிப்புகள் போகும். பெறுபவரும் கிட் பெட்ச் ஆரிஜின் என டைப் செய்து, இதே பெயரை நடுவில் : குறியிட்டு இருமுறை சேர்த்துத் தந்து தனியாகப் பெற வேண்டும். பென் டிரைவில் காப்பி செய்தால், மறைந்திருக்கும் கிட் போல்டருடன் முழு போல்டரையும் காப்பி செய்திடவும்.

கிட்ஹப் தளம் 2010ல் நோட்ஸ்களைக் காட்டத் தொடங்கி, 2014ல் நிறுத்திவிட்டது. எனவே அங்கு தெரியவில்லை என்றால் குறிப்பு அழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கடைசிப் பதிவின் விளக்கத்தை அமெண்ட் கட்டளையால் மாற்றினால், பழைய எண்ணுடன் இருந்த குறிப்பு புதிய எண்ணுக்குத் தானாக வராது.

வேர்ட், எக்ஸெல் பைல்களையும் கிட் பதிவு செய்யும். ஆனால் எந்த வரி மாறியது எனக் காட்டுவது நோட்பேடில் எழுதும் சாதாரண டெக்ஸ்ட் பைல்களுக்குத்தான் எளிது.

முதலில் தேவையற்ற ஒரு போல்டரில் இரண்டு, மூன்று பதிவுகள் செய்து, குறிப்பு எழுதிப் பழகிப் பாருங்கள். அதனை இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பி, குறிப்பும் சேர்ந்து வந்ததா எனச் சோதியுங்கள். அதன் பின் உங்கள் கணக்கு, பட்டியல்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கலாம்.