முப்பது செகண்ட் பொறுமை!

மானேஜர், பியூனை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புகிறார். ''அந்தப் பழைய லெட்ஜரை எடுத்துட்டு வாப்பா.'' உள்ளே லெட்ஜர் செல்லரித்துக் கிடக்கிறது. பியூன் பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். மானேஜர் முப்பது செகண்ட் பார்த்தார். ''ஆள் அவுட்!'' என்று மஸ்டர் ரோலில் பெயரை அடித்துவிட்டார்.

சிரிக்காதீர்கள் சார். கம்ப்யூட்டருக்குள் இது நிஜமாகவே நடக்கிறது.

பியூன், ஹார்ட் டிஸ்க். மானேஜர், அதை வேலை வாங்கும் 'டிரைவர்' என்ற சாஃப்ட்வேர். லினக்ஸில் ஒரு கட்டளைக்கு இந்த டிரைவர் வழக்கமாகத் தரும் கெடு 30 செகண்ட். விண்டோஸ் கொஞ்சம் தாராளம், 60. பதில் வராவிட்டால் டிஸ்க்கை 'ரீசெட்' பண்ணிப் பார்க்கும்.

நல்ல டிஸ்க் கண் இமைப்பதற்குள் பதில் சொல்லிவிடும். வீட்டு உபயோக டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டுப்போனால்தான் வம்பு. 'இருப்பது ஒரே பிரதி, எப்படியாவது படித்துவிடலாம்' என்று சில டிஸ்க்குகள் இரண்டு நிமிஷத்துக்கு மேல்கூட முட்டி மோதும்.

ஆடிட்டர் நண்பர் ஒருவர் ஆபீஸில் இப்படிப்பட்ட டிஸ்க் நான்கை 'ரெய்ட்' முறையில் கோத்து வைத்திருந்தார். (இன்கம்டாக்ஸ் ரெய்டு அல்ல! ஒரு டிஸ்க் போனாலும் மற்றவை கணக்கைக் காப்பாற்றும் ஏற்பாடு.) ஒரு டிஸ்க் தடுமாறியது, முப்பது செகண்டில் டிஸ்மிஸ். மாற்று டிஸ்க் வாங்குவதற்குள் இன்னொன்றுக்கும் அதே கதி. கணக்கு மொத்தமும் அவுட், அதுவும் மார்ச் மாதக் கடைசியில்! பிறகு சோதித்தால், இரண்டு டிஸ்க்கும் உயிரோடுதான் இருந்தன. கெட்டது சில செக்டர்கள் மட்டும்.

ரெய்டுக்கென்றே வரும் டிஸ்க்குகள் சுமார் 7 செகண்டில் ''முடியலீங்க'' என்று ஒப்புக்கொள்ளும். உடனே மற்ற டிஸ்க்குகளிலிருந்து விவரத்தைத் தேற்றி, கெட்ட இடத்தைத் திருத்தி எழுதிவிடலாம். சாதா டிஸ்க்கிலும் சிலவற்றுக்கு இந்தப் புத்தியைச் சொல்லித் தரலாம். 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையில் 70 என்று கொடுக்க வேண்டும். செகண்டில் பத்தில் ஒரு பங்கு கணக்கு. பவர் போனால் பெரும்பாலும் மறந்துவிடும், ஆகவே ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் சொல்லணும். கேட்காத டிஸ்க்குக்கு மானேஜரின் கெடுவை 180 செகண்டாக உயர்த்துவதுதான் வழி.

புதிய என்விஎம்இ டிஸ்க் தேவலை. தயாராக அதிகபட்சம் எவ்வளவு நேரமாகும் என்று அரை செகண்ட் கணக்கில் அதுவே சொல்லிவிடும். ஆளுக்கு ஆள் வேகம் வேறு. கேட்டுக்கொண்டு கெடு வைப்பதுதானே நியாயம்?

நண்பர் இப்போது 180 போட்டுவிட்டார். தினமும் பேக்கப் வேறு. டீ வாங்கப் போன பையன் லேட்டாக வந்தால்கூட திட்டுவதில்லையாம்!