மூளையும் மனமும் உயிரும்

சென்ற திருவிழாவில் ஓர் அம்மையார் நம்மை அணுகி, "நாள்தோறும் திருமுறை ஓதிய என் கணவர், மூளை நோயினால் இன்று என்னையே யாரென்று கேட்கின்றார். அவர் உயிரே தேய்ந்துவிட்டதா ஐயா?" என்று வினவினார். அன்று சுருங்க விடை கூறினோம். ஈண்டுச் சற்றே விரிக்கின்றோம்.

உள்ளம் வேறு, உடல் வேறு என்று மேனாட்டு அறிஞர் தேக்கார்ட்டு 1641-இல் நூல் செய்தார். வடிவும் இடமும் இல்லா உள்ளம் கையை எங்ஙனம் அசைக்கும் என்று இளவரசி எலிசபெத்து 1643-இல் கடிதம் எழுதிக் கேட்டார். மூளையின் நடுவிலுள்ள சிறு சுரப்பியை அவர் காட்டினார். கூடுமிடம் காட்டினாரேயன்றிக் கூடும் வகை காட்டினாரல்லர். 1848-இல் அமெரிக்க நாட்டு இருப்புப்பாதைப் பணியாளர் பினியாசு கேசின் தலையை இருப்புக்கோல் ஊடுருவிற்று. பிழைத்தார், ஆயினும் குணம் வேறாயிற்று என்றனர் நண்பர். உணர்வு என்பதே மூளையின் நிகழ்ச்சியாகலாம் என 1956-இல் பிளேசு என்பார் வாதிட்டார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் கோட்டினை வேறிடத்தில் இட்டார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் மாயையின் காரியம், சடம். மூளை பருப்பொருள், மனம் நுண்பொருள் என்பதே வேற்றுமை. பிரிக்க வேண்டுவது உடலையும் மனத்தையும் அன்று, மனத்தையும் உயிரையும். ஆதலின் மூளை பழுதுற்றால் நினைவு பழுதுறும் என்னும் செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்வதன்று. அரசன் அமைச்சரைக் கொண்டு நாடறிதல் போல உயிர் கரணங்களைக் கொண்டு அறிகின்றது என்பது நான்காம் சூத்திரத்தின் உவமை. அமைச்சர் நோயுற்றால் அரசனுக்குச் செய்தி வாராது, அரசன் மாய்ந்தானல்லன். உறக்கத்தில் நாமும் மனைவி மக்களை அறியோம் அன்றோ!

ஒன்றை மறைத்தல் ஆகாது. கருவியின்றி உயிர் தானே அறியமாட்டாது என்பதே சித்தாந்தம். எனவே, "உள்ளே அவர் அனைத்தையும் நினைத்துக்கொண்டிருக்கின்றார்" என்று அவ்வம்மையாருக்கு நாம் ஆறுதல் கூறவில்லை, கூறியிருப்பின் பொய்யாகும். அவர் மறந்தது மெய்யே. தேயாதது அவ்வறியாமையிலும் நிற்கும் உயிர். இளவரசியின் வினா நம்மையும் விடாது. உயிரையும் சடத்தையும் கூட்டுவிப்பது இறைவனின் திருவருட்சத்தி என்பது நம்மவர் விடை. அதனை ஏற்பார்க்கே அது விடையாகும்.

இப்போது அவ்வம்மையாரே கணவர் அருகமர்ந்து பதிகம் ஓதி வருகின்றாராம். எந்தப் பதிகம் என்று கேட்க மறந்தோம்.