ஊரில் சாது, அயலூரில் சண்டியர்

ஐரோப்பியக் காடுகளில் சைரெக்ஸ் நாக்டிலியோ என்ற மரக்குளவியை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. சாகக் கிடக்கும் பைன் மரமாகத் தேடிப்போய் முட்டையிடும், அவ்வளவுதான். எந்தப் பூச்சி கடல் தாண்டிப் பைன் தோட்டங்களை அழிக்கும் என்று கணிப்பவர்கள், அதன் சொந்த ஊர் நடத்தையை மட்டும் பார்த்தால் இதன் பெயரைப் பட்டியலின் கடைசியில்கூடச் சேர்த்திருக்க மாட்டார்கள். அந்தச் சாதுதான், தெற்கு ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் சந்திக்கும் ‘பச்சை முக்கோண’ப் பகுதியில் 1987 முதல் 1989 வரை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களைச் சாய்த்தது.

பெண் குளவி அடிமரத்தில் துளையிட்டு மூன்றை உள்ளே விடுகிறது: முட்டை, நச்சுக் கோழை, ஒரு பூஞ்சை. கோழை மரத்தைத் தளர்த்தும். தளர்ந்த மரத்தில் பூஞ்சை பரவும். பூஞ்சை பதப்படுத்திய மரத்தைப் புழு தின்று வளரும். இதற்கு ஓராண்டு போலப் பிடிக்கும். அதற்குள் அந்த மரம் அறுபட்டு, பெட்டியாகி, இயந்திரம் ஒன்றைச் சுமந்தபடி வேறு கண்டத்துத் துறைமுகத்தில் இறங்கியிருக்கலாம். 1900 வாக்கில் நியூசிலாந்து, 1952-இல் டாஸ்மேனியா, 1980-இல் உருகுவே, 1988-இல் பிரேசில், 1994-இல் தென்னாப்பிரிக்கா, 2001-இல் சிலி என்று போனது பயணம். 2002-இல்தான் ஏற்றுமதிப் பெட்டி மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடேறி அரைமணி நேரம் நிற்க வேண்டும் என்ற சர்வதேச விதி வந்தது. குளவி அதற்குள் பாதி உலகைச் சுற்றி முடித்திருந்தது.

பூச்சியின் தாய்நாட்டுத் தட்பவெப்பத்தை வைத்து அது வேறெங்கே பிழைக்கும் என்று கணிக்கும் ‘கிளைமெக்ஸ்’ என்ற கணினி முறையை 1985-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சைரெக்ஸுக்கும் அதில் வரைபடம் போட்டாயிற்று. தென்கோளத்துப் பைன் தோட்டங்களில் பெரும்பகுதிக்கு ஆபத்து என்றது அது. எல்லா வீட்டுக்கும் திருடன் வருவான் என்று சொல்லும் காவல்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வரைபடம் இல்லாவிட்டால் பொறியை எங்கே வைப்பது என்று அதை வரைந்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அங்கே நிற்கும் மரமும் அயலூர்தான். ரேடியேட்டா பைனின் தாயகம் கலிஃபோர்னியாக் கடலோரத்தில் மூன்று துண்டு நிலங்களும் இரண்டு மெக்சிகோ தீவுகளும் மட்டுமே. இன்று உலகெங்கும் சுமார் நாற்பது லட்சம் ஹெக்டேரில் நட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மரமும் இந்தக் குளவியும் அதற்குமுன் சந்தித்ததே இல்லை. சந்திப்பு எப்படி முடியும் என்பதை எந்த ஊர்த் தட்பவெப்பம் சொல்லும்?

முடிவைச் சொல்வது நெருக்கம். குளவி தேடுவது ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு தாகத்தில் தவிக்கும் மரங்களை. பச்சை முக்கோணத்தில் பலியானதில் பெரும்பங்கு, காலத்தில் கலைத்துவிடாத தோப்புகளில் நின்றவைதான். வறட்சி மிச்ச வேலையைப் பார்த்தது. நோஞ்சான் மரங்களை இடையிடையே வெட்டி எடுப்பது தோட்டக்காரருக்குத் தெரியாத வித்தையல்ல. சிறு கட்டைக்கு விலை இல்லாத வருடத்தில் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆபத்து வரைபடங்களில் மழைக்கு நிறம் உண்டு, வெயிலுக்கு நிறம் உண்டு. இந்தத் தள்ளிப்போடுதலுக்கு நிறம் கிடையாது.

மருந்துதான் இருக்கிறதே என்பார்கள். உண்டு, அருமையான மருந்து. 1962-இல் நியூசிலாந்தில் கண்டெடுத்த ஒரு நூற்புழு. மரத்துக்குள் இருக்கும்போது அதே பூஞ்சையைத் தின்று பெருகும். குளவிப் புழு பக்கத்தில் வந்தால் உருமாறி அதற்குள் புகுந்துவிடும். பிறகு பிறக்கும் பெண் குளவியின் முட்டைகளுக்குள் நூற்புழுக்களே நிறைந்திருக்கும். மலடான அந்தக் குளவியும் விடாமல் மரம் மரமாகத் துளையிட்டு, தன் எதிரியைத் தானே விதைத்துவிட்டுப் போகும். இயற்கையின் குறும்பு!

ஆய்வகத்தில் இந்த நூற்புழுவை ஆண்டுக்கணக்கில் பூஞ்சையை மட்டும் ஊட்டி வளர்த்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்ட பரம்பரை, குளவிக்குள் புகும் திறனை இழந்துவிட்டது. பச்சை முக்கோணத்தில் மரங்கள் மடிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 1991-இல் டாஸ்மேனியாவின் கமோனா காட்டுக்குப் போய், பழைய வீரியம் குறையாத வகையை மீட்டு வந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. கேப் பகுதியில் கைகொடுத்த நூற்புழு, கோடைமழை பெய்யும் குவாசூலு-நடாலில் தொடக்கத்தில் அவ்வளவாக எடுபடவில்லை. அங்கே நிற்பது பெரும்பாலும் பட்டுலா பைன். நம் கொடைக்கானல் மலையில் நட்ட பைன்களிலும் அது உண்டு.

ஆக, நம்பகமான தற்காப்பு அரிவாள்தான். அதற்கும் காலக்கெடு இருக்கிறது. குளவி பறக்கும் கோடையில் மரத்தை வெட்டினாலோ கிளை கழித்தாலோ, காயத்தின் வாசனைக்கே அது தேடி வந்துவிடும். குளிர்காலத்தில் விலை இல்லையென்று விட்டவர் மறு குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். குளவி ஒரு தலைமுறை வளர்ந்து வெளியே வர அந்த அவகாசம் போதும்.