வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம்: குடியானவர்கள் கேட்கும் சில கேள்விகள்

சிலிகானால் ஆன தகட்டின்மீது சூரிய வெளிச்சம் பட்டால் உபயோகத்துக்குப் போதிய மின்சாரம் உண்டாகும் என்பதை அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச்சாலையார் 1954ஆம் வருஷத்தில் செய்து காட்டினர். அன்று தகட்டில் விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்கே மின்சாரமாயிற்று. இப்பொழுது விற்பனைக்கு வரும் தகடுகளில் அது 20 பங்கும் அதற்குச் சற்று மேலுமாக உயர்ந்துள்ளது. இந்திய சர்க்கார் 2024ஆம் வருஷம் வீட்டுக் கூரைகளுக்கு மானியத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது முதல், மெத்தை வீடுடைய குடியானவர்கள் பலர் இதைப்பற்றி விசாரித்து வருகின்றனர். அவர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகளுக்கு விடை கீழே தரப்படுகிறது.

எல்லோரும் முதலில் கேட்பது செலவைப் பற்றியே. ஒரு கிலோவாட் தகடுகளுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அது வருஷச் சராசரியாகப் பிரதி தினம் 4 யூனிட் கொடுக்கும். ஆகவே 3 கிலோவாட் அமைத்த வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 720 யூனிட் எதிர்பார்க்கலாம். இதற்கு ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ரூபாய்வரை செலவாகும். மேற்படி திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ.30,000, மூன்றாவதற்கு ரூ.18,000, ஆக ரூ.78,000 மானியமாக ஏற்பட்டது. 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு அமைத்தாலும் மானியம் அவ்வளவே. மானியம் கிடைப்பது அமைப்பு வேலை முடிந்து மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகேயாதலால், முழுத் தொகைக்கும் முன்னதாக வழி செய்துகொள்ளாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது உசிதமன்று. இரண்டு விளக்கும் ஒரு விசிறியுமாகக் கொஞ்சமாகவே மின்சாரம் செலவழிக்கும் வீட்டார் இதில் பணம் போடுவதால் பிரயோஜனம் அற்பம். செலவு ஏற ஏறக் கட்டண விகிதமும் படிப்படியாக ஏறுகிறபடியால், அதிகம் செலவழிப்போருக்கே லாபம் அதிகம்.

தகடு போட்ட வீட்டில் மின்சாரம் நின்றாலும் விளக்கு எரியுமா என்பது அடுத்த கேள்வி. அநேகர் எரியும் என்றே நம்பிப் பணம் கட்டிவிடுகின்றனர். பாட்டரியில்லாத சாதாரண அமைப்பில் எரியாது. கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. அவ்வாறு நில்லாவிடில், அறுந்த கம்பியைப் பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியவர் மேல், வீட்டுக் கூரையிலிருந்து பின்னோக்கிப் பாயும் மின்சாரம் தாக்கி உயிரைப் போக்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறியபோது, மின்கம்பங்கள் ஏராளமாகச் சாய்ந்து பல கிராமங்கள் வாரக் கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய காலத்தில் நல்ல வெயில் அடித்தாலும், பாட்டரியில்லாத வீட்டில் ஒரு விளக்குக்கும் உதவி கிடையாது. கரையோரத்தார் இதை யோசித்து, பாட்டரியோடு கூடிய அமைப்பின் விலையையும் கேட்டறிதல் நலம். விலை கணிசமாகக் கூடும். பாட்டரியைச் சில வருஷங்களுக்கொருமுறை மாற்றவும் நேரும்.

புயலைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்று தகட்டின் கீழே புகுந்து மேலே தூக்குமாகையால், தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தளத்தோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும். செங்கல்லை மட்டும் பாரமாக வைத்துவிட்டுப் போகும் வேலையை ஒப்புக்கொள்ளலாகாது. ஓட்டு வீட்டில், கைமரங்கள் செல்லரித்துள்ளனவா என்று தச்சரைக்கொண்டு பார்த்த பிறகே தீர்மானிக்க வேண்டும். கீற்றுக் கூரை இதற்கு உதவாது.

சித்திரை வெயிலில் மின்சாரம் பொங்கி வழியும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அவ்வாறில்லை. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அதற்குப் பகை. தகட்டின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். கோடை மத்தியானத்தில் தகடு 60 டிகிரிக்கு மேலும் காய்வதுண்டு. ஆகையால் தளத்துக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றோட இடைவெளி விடவேண்டும்.

நிழல் விஷயத்தில் குடியானவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; எந்த மரம் எந்த மாதத்தில் எங்கே நிழல் வீழ்த்தும் என்பதை அவர் அறிவார். தகடுகள் தெற்கு நோக்கி, சுமார் 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு அதற்குக் குறைந்தால் மழைநீர் தூசியை அடித்துக்கொண்டு போகாது. தெற்கே, மாடியைவிட 40 அடி உயர்ந்த தென்னை ஒன்று நின்றால், மார்கழி உச்சிவேளையில் அதன் நிழல் வடக்கே சுமார் 27 அடி நீளும். வடக்கே நிற்கும் தென்னையோ ஆனி மாதத்திலும் உச்சியில் 9 அடிக்கு மேல் நிழல் தராது. கிழக்கிலும் மேற்கிலும் உள்ள மரங்கள் காலை மாலைகளில் தொல்லை தரும். தகடுகள் ஒரே வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின்மேல் விழும் மட்டை நிழல் வரிசை முழுவதன் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். இதற்காகக் காய்க்கும் தென்னையை வெட்டுவதா என்று கேட்கின்றனர். தகடுகளின் இடத்தை மாற்றிப் பார்ப்பதும், முடியாவிடில் ஒரு கிலோவாட் குறைத்துக்கொள்வதுமே மேல். வைக்கோற்போரும் நெற்களமும் பக்கத்திலிருந்தால் தூசி மிகுதி. அறுவடை நாட்களில் அதிகாலையில், தகடு சூடேறுமுன், உப்பில்லாத நீர் விட்டுத் துடைக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்குரிய விஷயம் ஒன்றுண்டு. மின் இணைப்பு காலஞ்சென்ற தகப்பனார் பேரிலோ பாட்டனார் பேரிலோ இருக்கும் வீடுகள் அநேகம். மனுச் செய்வது அந்த இணைப்பு எண்ணைக்கொண்டே ஆகையால், பேர் மாற்றாமல் மனுச் செய்தவர்கள் பாதி வழியில் நின்றுபோகின்றனர். சகோதரர்கள் பாகம் பிரியாத மாடியாயின், ஒருவர் தகடு போட்டபின் மற்றவர் மாடிமேல் அறை எழுப்ப முற்படும்போது வழக்கு உண்டாகிறது. வாரிசுச் சான்றிதழ் கேட்டு வருவோரை ஒத்தாசையாக விசாரித்துத் தாமதமின்றி மேலே அனுப்பினால், ஒரு குடும்பத்தின் பணமும் மனக்கசப்பும் மிஞ்சும். பாகஸ்தர் எல்லோரும் மாடியின் உபயோகத்தைப்பற்றி முன்னரே எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளுதல் நலம்.

வீட்டுத் தகட்டைக்கொண்டு வயற்கிணற்று மோட்டாரையும் ஓட்டலாமா என்பாருக்கு விடை இதுவே: வீட்டு இணைப்பு வேறு, விவசாய இணைப்பு வேறு. சூரிய பம்புசெட்டுக்கு 2019ஆம் வருஷத்தில் தொடங்கிய தனித் திட்டம் உண்டு. அதைப்பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

தகடுகள் 25 வருஷ உத்தரவாதத்துடன் வருகின்றன. இன்வெர்ட்டரை 10 வருஷம் சென்ற பிறகு மாற்ற நேரலாம். பணம் கொடுக்குமுன் தகடு, இன்வெர்ட்டர், எர்த், இடிதாங்கி ஒவ்வொன்றின் விவரத்தையும் விலையையும் காகிதத்தில் எழுதி வாங்கி, திட்டத்தில் பதிவான வியாபாரிதானா என்பதையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.